சிவில் எடுக்கவா வேணாமான்னு கேட்ட தம்பிக்கும் மத்தவங்களுக்கும்

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ராத்திரி பத்தரை மணிக்கு சித்தி மகன் கோல் எடுத்தான். பேராதனை கெம்பஸ்ல எஞ்ஜினியரிங் ஃபர்ஸ்ட் இயர் முடியப்போகுது, எந்தப் பிரிவுன்னு ஃபீல்டுக்கு ஃபோர்ம் குடுக்கணும், அக்கா சிவில் மொதல்ல போடவா கம்ப்யூட்டர் மொதல்ல போடவா, நாளைக்குள்ள சொல்லுங்கன்றான். இவ்வளவு நாளும் என்னடா செஞ்சன்னு ஏசிட்டு வச்சிட்டேன். ஆனா அன்னைக்கு தூக்கம் வரல, ஏன்னா நானும் இதே மாதிரிதான் கடைசி நாள்ல யார்யாருக்கோ கோல் எடுத்துக் கேட்டுக்கிட்டு இருந்தேன். எனக்குச் சொன்னவங்க எல்லாரும் ரெண்டே காரணம்தான் சொன்னாங்க, சிவில்னா கவர்மென்ட் வேலை நிச்சயம், வீடு கட்டாத மனுஷன் எவன் இருக்கான். ரெண்டுமே சரியில்லன்னு வேலைக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சுச்சு. அதுக்காக நான் சிவில் எடுத்ததுக்கு வருத்தப்படுறேன்னு நெனச்சிராதீங்க, அது வேற கதை.

எங்க ஊரு தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். அம்மா கொழுந்து பறிக்கிறவங்க, அப்பா கான் வெட்டு, அதாவது தேயிலை மலையில தண்ணி போற வாய்க்கால் வெட்டுறது. நான் 2015ல ஏஎல் (உயர்தரப் பரீட்சை) எடுத்தேன், அப்ப தோட்டத்துல அடிப்படைச் சம்பளம் நாளைக்கு 450 ரூபா, அந்தக் காசுலதான் எனக்கு ஹட்டனுக்கு கிளாஸ் போக பஸ் காசும் போட்டோகொப்பி காசும் வந்துச்சு. தமிழ் மீடியத்துல மெத்ஸ் பிரிவு ஒழுங்கா நடக்குற ஸ்கூல் எங்க பக்கம் எத்தனைன்னு கையில எண்ணிரலாம். ஃபிசிக்ஸுக்கு டீச்சர் இல்லாம ஒரு டேர்ம் முழுக்க நாங்களே பழைய பேப்பரப் பாத்து செஞ்சோம். இத ஏன் சொல்றேன்னா, கெம்பஸ் போனதும் "நீ கோட்டாவுல வந்தவதானே"ன்னு ஒருத்தர் இல்லன்னா ஒருத்தர் சொல்லுவாங்க. ஆமா, கோட்டாதான். 40 வீதம் அகில இலங்கை மெரிட், 55 வீதம் மாவட்டத்துக்கு சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கின 16 மாவட்டத்துக்கு, அதுல நுவரெலியாவும் இருக்கு பதுளையும் இருக்கு. அது உள்ள போற கதவு மட்டும்தான், உள்ள போனப்புறம் எல்லாருக்கும் ஒரே பேப்பர். வெக்கப்பட்டுக்கிட்டு பின்வரிசையில உக்காந்து நான் ஒரு செமஸ்டர வீணாக்கினேன், நீங்க செய்யாதீங்க.

இங்கிலீஷ் பிரச்சனை பத்தி நெறைய பேர் எழுதிட்டாங்க, நான் ஒண்ணு மட்டும் சொல்றேன். தகைப்பு, விகாரம்னு ஏஎல்ல தமிழ்ல நல்லா படிச்சவங்களுக்கு ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின்னு பேர் மட்டும்தான் மாறுது, விஷயம் அதேதான். ஒரு சிஆர் புக்ல, அதான் தடிச்ச கொப்பியில, இந்தப் பக்கம் தமிழ்ச் சொல்லு அந்தப் பக்கம் இங்கிலீஷ்னு நானே ஒரு லிஸ்ட் எழுதி வச்சேன், மூணு மாசத்துல அந்தப் புக்கே தேவைப்படல. சிங்களம்தான் நெஜமாவே தேவைப்படுற மொழி, அதுக்கு பின்னால வர்றேன்.

சரி, ஃபீல்ட். பேராதனையில மொத வருஷம் எல்லாரும் ஒண்ணாப் படிக்கிறது, அதுக்கப்புறம் ரிசல்ட்ஸையும் நாம போட்ட வரிசையையும் பாத்துத்தான் சிவிலா எலக்ட்ரிக்கலா மெக்கானிக்கலா கம்ப்யூட்டரான்னு பிரிப்பாங்க. நான் கம்ப்யூட்டர மொதல்ல போட்டேன், ஏன்னா ரூம்ல இருந்த நாலு பேரும் அதத்தான் போட்டாங்க. எனக்கு ரேங்க் பத்தல, ரெண்டாவதாப் போட்ட சிவில் கெடச்சுது. ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டே திரிஞ்சேன். வீட்டுக்கு கோல் எடுத்துச் சொன்னா அப்பா, "கட்டடம் கட்டுறதா, நல்லதுதானே"ன்னு சொல்லிட்டு மழை எப்பிடி அங்கன்னு கேட்டாரு. அவருக்கு எப்பவும் மழைதான்.

செகண்ட் இயர்ல ஃப்ளுயிட்ஸ், ஹைட்ரோலிக்ஸ். திறந்த கால்வாயில தண்ணி எவ்வளவு வேகமாப் போகும்னு கணக்குப் பாக்க மேனிங்னு ஒரு சமன்பாடு இருக்கு, அதுல சரிவோட வர்க்கமூலம் வரும், அதாவது சரிவ நாலு மடங்காக்கினா வேகம் ரெண்டு மடங்காகும். லீவுக்கு வீட்டுக்கு வந்தப்ப இத இஸ்தோப்புல உக்காந்து செஞ்சுக்கிட்டு இருந்தேன், அப்பா எட்டிப் பாத்து என்னன்னு கேட்டாரு. கான்ல தண்ணி போற கணக்குன்னேன். அவரு சிரிச்சிட்டு, "கான்ல தண்ணி ஓடக்கூடாது, நடக்கணும், ஓடுனா மண்ணத் தூக்கிக்கிட்டுப் போயிரும்"னாரு. மறுநாள் மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போய் காட்டுனாரு. தேயிலைக்கு நடுவுல குறுக்கால வெட்டியிருக்குற கான் ஏன் அவ்வளவு லேசான சரிவுல போகுது, கானுக்குள்ள நடுவுல நடுவுல ஏன் சின்னச் சின்ன தடுப்பு விட்டிருக்கு, மண்ணு அதுல தங்கி தண்ணி மட்டும் மேல வழிஞ்சு போறதுக்கு. இருவது வருஷமா லெவல் கருவி ஒண்ணும் இல்லாம கண்ணாலயே அந்தச் சரிவப் புடிச்சிருக்காரு மனுஷன். நான் அந்த மலையில பொறந்து வளந்தவ, ஒரு நாளும் கவனிச்சதில்ல.

அன்னைக்குத்தான் சிவில் புடிக்க ஆரம்பிச்சுதுன்னு சொல்லலாம். சிவில்னா கொங்கிரீட்டுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன், எங்க மலையகத்துல சிவில்னா பாதி தண்ணிதான். ரோட்டு உடையிறது தண்ணியால, மதில் சாயிறது தண்ணியால, மலை சரியிறது தண்ணியால, கரன்ட் வர்றதும் தண்ணியால. தலவாக்கலை டவுனுக்குப் பக்கத்துல இருக்கே மேல் கொத்மலை அணை, உயரம் 35 மீட்டர் மாதிரிதான், பெரிய அணையே இல்ல, ஆனா தண்ணிய கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர் மலைக்குள்ள சுரங்கத்துல கொண்டுபோய் கீழ விட்டு 150 மெகாவோட் எடுக்குறாங்க. சின்ன வயசுல அந்த வேலை நடக்கும்போது எங்களுக்குத் தெரிஞ்சது லோரி போற சத்தமும் தூசியும்தான். சிங்கமலை சுரங்கத்துக்குள்ள ரயில் போகும்போது புள்ளைங்க எல்லாம் சேர்ந்து ஊன்னு கத்துவோமே, அந்தச் சுவத்துல தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கும் பாத்திருக்கீங்களா, இப்ப போனா நான் கத்துறதில்ல, அந்தத் தண்ணி எங்க போகுதுன்னுதான் பாக்குறேன். வேலை செஞ்சு செஞ்சு புத்தி இப்பிடி ஆகிருச்சு.

தேர்ட் இயர்ல சொயில் மெக்கானிக்ஸ் வந்தப்ப மீரியபெத்த ஞாபகம் வந்துச்சு. 2014 ஒக்டோபர் 29 காலையில கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்துல லயம் லயமா, அதாவது தொழிலாளிங்க இருக்குற வரிசை வீடுங்க, மண்ணுக்குள்ள போச்சே, அப்ப நான் ஏஎல் படிச்சிக்கிட்டு இருந்தேன், ஸ்கூல்ல அரிசி, உடுப்பு எல்லாம் சேத்து அனுப்பினோம். மழைத்தண்ணி எடை கூடித்தான் மலை சரியுதுன்னு அவ்வளவு காலமும் நெனச்சிருந்தேன். எடை மட்டும் இல்ல. மண் துணிக்கைங்க ஒண்ண ஒண்ணு அழுத்திப் புடிச்சிக்கிட்டு இருக்குறதாலதான் உராய்வு இருக்கு, நடுவுல இருக்குற இடைவெளியில தண்ணி நெறஞ்சு அந்தத் தண்ணியோட அழுத்தம் ஏற ஏற புடி விட்டுப்போகுது. அதனாலதான் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மழைய அளந்து எச்சரிக்கை குடுக்குது, 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் தாண்டினா மஞ்சள், 100 தாண்டினா அம்பர், 150 தாண்டினா சிவப்பு, வெளியேறணும். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயலுக்கு மலையகம் பட்ட பாட்டுக்கு அப்புறம் இந்த நம்பரெல்லாம் எங்க லயத்துல சின்னப் புள்ளைக்கும் தெரியுது. அதுக்குப் பின்னால இருக்குற படிப்புதான் சிவில்னு தெரிஞ்சவங்க கொஞ்சப் பேர்தான்.

இப்ப நான் விட்ட பிழையச் சொல்றேன், ஏன்னா ஃபீல்ட் எடுக்குற புள்ளைங்களுக்கு இதச் சொல்லாம மத்ததச் சொல்லிப் பிரயோசனம் இல்ல.

2021 நடுவுல பைனல் இயர் முடிச்சு பதுளை மாவட்டத்துல ஒரு கொன்ட்ராக்டர்கிட்ட சைட் எஞ்ஜினியரா சேர்ந்தேன், சம்பளம் 55000. ரோட்டோரமா மண்ணு சரியாம தாங்குற ஒரு கருங்கல் மதில், உயரம் மூணு மீட்டர். ட்ரோயிங்ல மதிலுக்குப் பின்னால மெட்டல் கல்லு (ஒடச்ச கருங்கல்லு) நெரப்பணும், மதில்ல பைப் போட்டு தண்ணி வெளிய வர்ற ஓட்டை, வீப் ஹோல், விடணும்னு தெளிவா இருக்கு. அன்னைக்கு மழை, மெட்டல் லோரி ஏறாதுன்னு கீழயே நிப்பாட்டிட்டான். எனக்கு மேல இருந்தவரு கோல்ல, "பரவால்ல, வெட்டின மண்ணையே போட்டு நெரப்புங்க, டேட்டுக்கு முடிக்கணும்"னாரு. மேசன் பாஸ் ஒருத்தர் (பாஸ்னா மேலதிகாரி இல்ல, சைட்ல மேசனக் கூப்பிடுற பேரு), அம்பத்தஞ்சு வயசு இருக்கும், வெத்தலையத் துப்பிட்டு எங்கிட்ட வந்து, "மிஸ், வத்துரட்ட யன்ன பாரக் ஓனே"ன்னாரு. தண்ணிக்குப் போக ஒரு பாதை வேணும்னு. எனக்கு விளங்குச்சு. சிங்களமும் விளங்குச்சு, விஷயமும் விளங்குச்சு, சொயில் மெக்கானிக்ஸ்ல ஏ எடுத்தவ நான். இருந்தும் வேலைக்குச் சேர்ந்து மூணு மாசம் ஆகல, முடியாதுன்னு சொல்ல வாய் வரல, மண்ணப் போடுங்கன்னுட்டேன். களிமண்ணு, அது போய் வீப் ஹோல அடச்சிருச்சு.

ஒக்டோபர் மழையில மதில் வயிறு தள்ளிருச்சு. கணக்குப் பாருங்க, மூணு மீட்டர் மதிலுக்குப் பின்னால மண்ணு காஞ்சிருந்தா ஒரு மீட்டர் நீளத்துக்கு தள்ளுற விசை 27 கிலோநியூட்டன் மாதிரி வரும், தண்ணி மேல வரைக்கும் நின்னுருச்சுன்னா 56 மாதிரி, ரெண்டு மடங்கு. எக்ஸாம்ல இந்தக் கணக்க பத்து தடவைக்கு மேல செஞ்சிருப்பேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல, கடவுள் புண்ணியம், அந்த ரோட்ல ஸ்கூல் புள்ளைங்க நடந்து போவாங்க. ஒடச்சிட்டு திரும்பக் கட்டினோம். மூணு ராத்திரி நான் மண்ணு சரியிற மாதிரியே கனவு கண்டேன். பாஸ் ஒரு வார்த்தை குத்திக் காட்டல, ரெண்டாவது தடவை மெட்டல் போடும்போது என்னையப் பாத்து தலைய மட்டும் ஆட்டினாரு, அது ஏசுறத விட மோசமா இருந்துச்சு.

ஆக சிவில் எடுக்கலாமான்னு கேக்குறவங்க கிட்ட நான் மெத்ஸ் எப்பிடின்னு இப்ப கேக்குறதில்ல, எஞ்ஜினியரிங் கெடச்சவனுக்கு மெத்ஸ் வரும். வயசுல மூத்தவரு, மேலதிகாரி, அவசரத்துல ஒண்ணு சொல்லும்போது இல்ல சேர் இத செய்ய ஏலாதுன்னு உன்னால சொல்ல முடியுமா, இல்ல சொல்லப் பழகிக்குவியா, அதக் கேக்குறேன். எங்க ஊர்ல நாம வளந்த விதம் தோட்டத்துத் துரை சொன்னா தலையாட்டுற விதம், அதுல இருந்து வெளிய வர்றது எனக்கு ஸ்ட்ரக்சரல் அனாலிசிஸ விட கஷ்டமா இருந்துச்சு. கம்ப்யூட்டர்லயும் பிழை வரும்தான், அனேகமா திரும்பப் போய்த் திருத்தி அனுப்பிரலாம், மதில அப்பிடித் திருத்த ஏலாது. இன்னொண்ணு, படிக்காத பாஸ் சொல்றத காது குடுத்துக் கேக்கணும். அதுக்குத்தான் சிங்களம். புத்தகச் சிங்களம் இல்ல, சைட்டுச் சிங்களம், கம்பி கட்டுறவன் என்ன முணுமுணுக்கிறான்னு விளங்குற அளவுக்கு.

பொம்பளப் புள்ளைங்களுக்கு தனியா ஒண்ணு. சைட்ல முக்கால்வாசி இடத்துல ஒழுங்கான டொய்லட் இருக்காது, மொத நாளே கேளுங்க, வெக்கப்படாம கேளுங்க, நான் கேக்காம தண்ணி குடிக்காம இருந்து யூரின் இன்ஃபெக்ஷன் வந்து நாலு நாள் படுத்தேன். தங்குற எடமும் அப்பிடித்தான், வேலைக்கு ஓம்னு சொல்றதுக்கு முன்னாடி பேசிருங்க. சொந்தக்காரங்க பேசுவாங்க. எங்க பெரியம்மா ஒரு நாள் வீட்டுக்கு வந்து, பொம்பளப் புள்ள மழையிலயும் வெயில்லயும் ஆம்பளைங்க கூட நிக்கணுமான்னு கேட்டாங்க, அம்மா கொழுந்துக் கூடைய எறக்கி வச்சிட்டு "அப்ப நாங்க இவ்வளவு காலமும் எங்க நின்னோம்?"னு கேட்டாங்க பாருங்க, பெரியம்மா பேசாம டீயக் குடிச்சிட்டுப் போயிட்டாங்க.

காசு விஷயம் மறைக்காமச் சொல்லணும். 2022ல நாடு விழுந்தப்ப மொதல்ல நின்னது கட்டட வேலைதான். ஆயிரம் ரூபா மாதிரி இருந்த சீமெந்து மூட்டை 3000 வரைக்கும் போச்சு, கம்பி விலை கேக்கவே ஏலாது, எங்க சைட் மூணுல ரெண்டு அப்பிடியே நின்னுருச்சு, எனக்கு நாலு மாசம் பாதிச் சம்பளம். ஹட்டன்ல ஏஎல் புள்ளைங்களுக்கு கம்பைன்ட் மெத்ஸ் கிளாஸ் எடுத்துத்தான் சமாளிச்சேன். எங்க பெச்ல நெறையப் பேர் கட்டார், டுபாய்னு போயிட்டாங்க. கம்ப்யூட்டர் எடுத்த என் ரூம்மேட் வீட்ல உக்காந்து லெப்டொப்ல வேலை செஞ்சு என்னைய விட ரெண்டு மடங்கு எடுத்தா, பொறாமையா இல்லன்னு சொன்னா பொய். சிவில்ல சம்பளம் மெதுவாத்தான் ஏறும், அனுபவம் சேந்து சார்ட்டட், அதாவது பட்டயப் பொறியியலாளர், ஆகுற வரைக்கும் பொறுமை வேணும். கவர்மென்ட் வேலை நிச்சயம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, பொறியியல் சேவைக்கு போட்டிப் பரீட்சை இருக்கு, எப்ப கூப்பிடுவாங்களோ அதுவரைக்கும் வெளிய வேலை செஞ்சாத்தான் சோறு. வீட்ல உடனே காசு தேவைன்ற நெலமையில இருக்குற புள்ள கம்ப்யூட்டர் எடுத்தா அத ஆசைன்னு யாரும் ஏசக்கூடாது.

கெம்பஸுக்கு எடுக்குறதுக்குப் பாக்குற ஏஎல் இசட் ஸ்கோர் பத்தாதவங்களுக்கு சுருக்கமா. மொறட்டுவை பல்கலைக்கழகத்தோட என்டிடி (தொழில்நுட்ப டிப்ளோமா) இருக்கு, எச்என்டிஈ (பொறியியல் உயர் டிப்ளோமா) இருக்கு, ஓபன் யூனிவர்சிட்டி இருக்கு, கொஞ்சம் சுத்து வழிதான் ஆனா வழி இருக்கு, என்டிடி செஞ்சுட்டு வந்த ஒருத்தர் கிட்டத்தான் நான் சைட்ல லெவல் வைக்கவே ஒழுங்கா பழகினேன். பிரைவட்ல லட்சக்கணக்குல கட்டிப் படிக்கப் போறதா இருந்தா அந்தக் குறிப்பிட்ட டிகிரிக்கு ஐஈஎஸ்எல், அதாவது இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம், அங்கீகாரம் இருக்கான்னு காசு கட்ட முன்னாடி பாருங்க. எஞ்ஜினியரிங் டிகிரிய நாடுங்க ஒண்ண ஒண்ணு ஏத்துக்குற வாஷிங்டன் அக்கோர்ட்ல இலங்கை 2014ல இருந்து இருக்கு, அந்த அங்கீகாரம் இருந்தாத்தான் வெளிநாட்ல உங்க பேப்பர மதிப்பாங்க. கொலேஜ் பேர், பில்டிங், ஏசி கிளாஸ்ரூம், இதெல்லாம் பாத்து மயங்கி எங்க தோட்டத்துல ஒரு குடும்பம் ஈபிஎஃப் காச எடுத்துக் கட்டிட்டு இப்ப தலையில கை வச்சிக்கிட்டு இருக்காங்க.

தம்பி விஷயத்துக்கு வர்றேன். மறுநாள் நானே கோல் எடுத்து, ஃபோர்முக்கு இன்னும் எத்தனை நாள் இருக்குன்னு கேட்டேன், மூணு வாரம் இருக்காம், நாளைக்குள்ள சொல்லுங்கன்னு சும்மா பயம் காட்டிருக்கான். சனிக்கிழமை எங்க சைட்ல சிலெப் (தளம்) கொங்கிரீட், காலையில ஆறு மணிக்கு பூட்ஸோட வந்து நில்லு, முடியிற வரைக்கும் போகக்கூடாது, அப்புறம் பேசலாம்னேன். ஃபீல்ட் எடுக்கப்போற யாரா இருந்தாலும் இத ஒரு தடவை செஞ்சு பாருங்க, தெரிஞ்சவங்க யாராவது எங்கயாவது கொங்கிரீட் போடுவாங்க, கேட்டா விடுவாங்க. சிலெப் போட ஆரம்பிச்சா நடுவுல நெனச்ச எடத்துல நிப்பாட்ட ஏலாது, பழசு இறுகிட்டா புதுசு அதோட ஒட்டாது, மழை வரட்டும் மிக்ஸர் மக்கர் பண்ணட்டும் சோறு வராம இருக்கட்டும் அன்னைக்கு முடிச்சே ஆகணும். அந்த ஒரு நாள்ல உனக்கு எரிச்சல் வருதா இல்ல என்னமோ ஒரு உஷார் வருதான்னு உனக்கே தெரிஞ்சிரும்.

ஐயா வெள்ள சப்பாத்து போட்டுக்கிட்டு வந்து எறங்குனாரு. பூட்ஸ் இல்லையாம். எட்டு மணிக்கு சப்பாத்து கறுப்பு. ஒம்பது மணிக்கு கொங்கிரீட் எவ்வளவு எளக்கமா இருக்குன்னு பாக்குற ஸ்லம்ப் டெஸ்ட் செய்யச் சொல்லி கோனைக் குடுத்தேன், மூணு தட்டா நெரப்பி ஒவ்வொரு தட்டுக்கும் 25 குத்து குத்தணும்னு சொன்னா எண்ணாம குத்திக்கிட்டு இருக்கான், திரும்பச் செய்ய வச்சேன். கொங்கிரீட்டோட பலத்த பின்னால ஒடச்சுப் பாக்க கியூப் போடும்போது அச்ச அவனே துடச்சான், 150 மில்லிமீட்டர் கியூப் ஆறு, மூணு ஏழு நாளைக்கு, மூணு 28 நாளைக்கு. பதினொரு மணிக்கு மழை புடிச்சுது, எல்லாரும் ரெட்டுத் துணிய இழுத்துக்கிட்டு ஓடுறாங்க, இவன் ஃபோனை எடுத்து வீடியோ எடுக்குறான். சாப்பாட்டு நேரம் கொட்டில்ல உக்காந்து வைஃபை இருக்கான்னு கேட்டான். சரி, இவன் கம்ப்யூட்டர்தான்னு நான் முடிவு பண்ணிட்டேன். ஆனா பின்னேரம் நாலு மணிக்கு கடைசி எடத்த லெவல் பண்ணிக்கிட்டு இருக்கும்போது ஆளக் காணோம், தேடிப் போனா பின்பக்கம் பாத்ரூம் வர்ற எடத்துல நின்னு பாஸ்கிட்ட அரைகுறைச் சிங்களத்துல இந்தத் தண்ணி எங்க போகும்னு கேட்டுக்கிட்டு இருக்கான், பாஸும் கையால காட்டிக் காட்டிச் சொல்லிக்கிட்டு இருக்காரு.

ஃபோர்ம் இன்னும் குடுக்கல. நேத்து மெசேஜ் போட்டு ஏழு நாள் கியூப் என்ன வந்துச்சு, 28 நாள்ல வரவேண்டிய பலத்துல மூணுல ரெண்டு பங்காவது வந்துச்சான்னு கேட்டிருந்தான். லெப் ரிப்போர்ட் இன்னும் கைக்கு வரல, திங்கக்கிழமை வரும்னு சொல்லிருக்கேன்.